அத்தை பார்த்த பனி

புருவத்தின் மேல் கையை வைத்து வாசற்படியில் நின்று, "பனி இன்னும் விலகலையே தம்பி" என்று அத்தை சொன்ன காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எதிர் மலையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் தங்கை அவள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக அறைகள் ஒட்டிய எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தாள். "மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறதுக்குள்ள விலகிரும்" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல். பனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சனம் நாங்கள். பார்வை மங்கினால் பனியைத்தான் சொல்வோமே தவிர, கண்ணைச் சந்தேகப்பட மாட்டோம்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புகை படிந்திருக்கிறதென்று பல்பைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிகிறது என்பாள். கொழுந்து கிள்ளுவதில் அவள் கைக்கு ஈடில்லை. அவள் கூடையிலேயே முத்தல் இலை கலந்து வர, கங்காணி எல்லோர் முன்னாலும் கொட்டிக் காட்டினார். அன்றுதான் அம்மா அவள் கருமணிக்குள் பால்போல வெளுத்திருந்ததைக் கண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அத்தை அசையவில்லை. ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். "எம் மக வரட்டும், அவளோட போறேன். புரை முத்துனாத்தான எடுப்பாங்க" என்றாள். முத்துவதற்குள் கிள்ள வேண்டும் என்று விரலாலேயே அறிந்தவள்தான் இப்படிச் சொன்னாள். மகள் முகத்தை மறுபடி பார்ப்பதற்காகத்தான் அவள் உயிரையே பிடித்து வைத்திருந்தாள்.

வருஷங்கள் கழித்து மகள் ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். "யாருங்க? உள்ள வாங்க" என்றாள் அத்தை. பெட்டியைப் போட்டுவிட்டு அந்தப் பெண் அழுத அழுகை லயம் முழுக்கக் கேட்டது. மறுநாளே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். புரை முற்றி, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பே செத்துவிட்டது, இனி புரையை எடுத்தும் பார்வை வராது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக அத்தை மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அதே வாசற்படி, அதே வெயில். இப்போது அத்தை புருவத்தில் கை வைப்பதில்லை.

"முகத்துல சுடுது. பனி விலகிருச்சுல்ல தம்பி?"

"விலகிருச்சு அத்தை."

மகள் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எம் மகளுக்குத் தல நரைச்சிருச்சா?"

அது மகளுக்கும் கேட்டுவிட்டது. ஈரத்துணியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முன்னந்தலை முழுக்க வெள்ளை.

"இல்ல அத்தை. குவைத்துக்குப் போனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியேதான் இருக்கு" என்றேன்.