பிணை நிற்கும் பாஸ்போர்ட்

குப்பியை அழுத்தித் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் அபுல் வஃபாவின் கன்னங்கள் உப்பிக்கொள்கின்றன. எகிப்தில், சொந்த ஊரான கிர்காவில், வாயில் தண்ணீர் வைத்து ஊதித்தான் துணி தேய்த்தார். இப்போது ஷார்ஜாவில் அவருடைய இஸ்திரிக் கடையைப் பார்க்க வரும் சுகாதாரக்காரர் அதற்கு விடமாட்டார். “வாய்க்கு வேலை போயிடுச்சு. கன்னத்துக்கு இன்னும் தகவல் சொல்லல” என்பார் அபுல் வஃபா.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய அவருடைய பாஸ்போர்ட், பாதி நாள் காவல் நிலையத்தில்தான் கிடக்கும். பிடிபட்டவன் வெளியே வரப் பிணைப்பணம் கட்ட வேண்டும். கையில் இல்லாதவனுக்காக இன்னொருவர் தன் பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாம். வழக்கு முடியும்வரை கொடுத்தவர் விமானம் ஏற முடியாது. தெருவில் யார் மாட்டினாலும் ஆட்கள் இவர் கடைக்குத்தான் வருவார்கள். “சலவைக்குப் போட்ட சட்டைதானே, வந்துரும்” என்று எடுத்துக் கொடுப்பார்.

இந்த முறை அது ரிஃபாயிக்காகப் போயிருக்கிறது. கிர்காவுக்குப் பக்கத்து ஊர்க்காரன், ஒரு கம்பெனியில் பிக்கப் ஓட்டுபவன். வளைவில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டான். அவருக்குக் கால் முறிந்தது. அதே காலையில் காரில் ஒருவரை இடித்துவிட்டு ஒரு முதலாளியும் காவல் நிலையத்துக்கு வந்திருந்தார். இருவருக்கும் ஐயாயிரம் திர்ஹம் பிணை. முதலாளி கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டே கட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். ரிஃபாயிக்கு அது மூன்று மாதச் சம்பளம். அந்தச் சம்பளமும் அன்றோடு நின்றது. போலீஸ் பிடித்துவைத்த பிக்கப்புக்கு அவன் கணக்கில் நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

“ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல சட்டை தச்சா ஒருத்தனுக்குக் கழுத்து நெரியத்தான் செய்யும்” என்று முனகிக்கொண்டே பாஸ்போர்ட்டை நீட்டினார் அபுல் வஃபா.

மகள் ஸாபிரீனின் நிக்காஹ் அடுத்த வெள்ளி என்று முடிவானபோது சைக்கிள்காரர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. மருத்துவர் சான்று தராமல் வழக்கு நகராது. மனைவி நஃபீஸா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

“ஊருக்கெல்லாம் பிணை நிக்கிற மனுஷா, பெத்த பொண்ணு பக்கத்துல வந்து நிக்க மாட்டீங்களா? அப்பன் இடத்துல மாப்பிள்ளை கையைப் புடிச்சு நிக்காஹ் வாசகம் சொல்றது யாரு? உங்க இஸ்திரிப்பொட்டியா?”

“ஃபிக்ரி புடிப்பான். என் கூடப்பொறந்தவன்தானே. எங்க ரெண்டு பேர் கையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“கை மட்டும் இருக்கும்” என்று போனை வைத்துவிட்டாள்.

வழக்கு முடியும்வரை கம்பெனி ரிஃபாயியை ஒதுக்கி வைத்திருப்பதால், அவன் இப்போது இந்தக் கடையில் துணி மடிக்கிறான். எல்லாம் அவன் காதில் விழுந்தது.

“அண்ணே, நான் திரும்ப உள்ள போயிடறேன். பாஸ்போர்ட்டை வாங்கிட்டுக் கிளம்புங்க.”

அபுல் வஃபா நிமிரவில்லை. “போயேன். உள்ள போனா கம்பெனிக்காரன் விசாவையே ரத்து பண்ணுவான். அங்க உன் வீட்டுல நாலு வயிறு காயும். நான் கிர்காவுல உக்காந்து கல்யாண விருந்து சாப்பிடணும், அப்படித்தானே? வாயை மூடிட்டு அந்த முண்டாசுத் துணியை மடிடா.”

அன்று ஒரு வெள்ளைச் சட்டையின் காலர் கருகியது. அவர் கையில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

வெள்ளி, ஜும்ஆ தொழுகை முடிந்து கடையை அரைக் கதவு திறந்தார். மேசைமேல் கஞ்சிமாவு டப்பாவில் கைபேசி சாய்ந்திருந்தது. திரையில் கூட்டம், நெற்றி வேர்த்த மாப்பிள்ளை, அவன் கையைப் பற்றிய ஃபிக்ரியின் கை. அதன்மேல் யாரோ வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தினார்கள், அது கசங்கியிருந்தது. பதிவாளர் வாசகத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். ஃபிக்ரி சொல்லச் சொல்ல, இங்கே அபுல் வஃபாவின் உதடுகளும் அசைந்தன. ரிஃபாயி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அபுல் வஃபா வலக்கையை மேசைக்குக் குறுக்கே நீட்டினார். எதிரே யாருமில்லை. விரல்கள் எதையோ பற்றியவை போல மெல்ல மூடின. அங்கே வாசகம் முடிந்து குலவை எழும்வரை அவர் அவற்றை விரிக்கவில்லை.