காற்றைக் காயப் போட்ட வீடு

பலகையின் சத்தம் நின்ற பிறகு நான் எவ்வளவு நேரம் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்? ஐந்து நிமிடமா, கால் மணி நேரமா, அதற்கும் மேலா? கதவுக்கு அந்தப் பக்கம் என் பெரியம்மா இருந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுச் சும்மா படுத்திருக்கும்போதெல்லாம் அந்த நேரத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறொரு விடை வருகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வளைகுடா நாட்டில் பதினோரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அங்கே பெரிய வீடுகளில் அறைக்கு ஒரு பெட்டி வைக்க மாட்டார்களாம். வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம். அதிலிருந்து அகலமான தகரக் குழாய்கள் கூரைக்கு அடியில் ஓடி, ஒவ்வொரு அறையிலும் ஒரு கம்பிச் சல்லடை வழியாகக் காற்றை ஊதும். அடுத்தவர் வீட்டில் அதைப் பழுது பார்த்தே இளமையைக் கழித்தவருக்குத் தன் வீட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. ஆனால் அவர் வீடு கட்டியது ஏற்காட்டில், மஞ்சக்குட்டை போகும் சாலையில், மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு நடுவே. மே மாதத்திலும் கம்பளி இல்லாமல் தூங்க முடியாத இடம்.

கப்பலில் வந்து, பிறகு லாரியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அந்த இயந்திரம் வந்து இறங்கியபோது எனக்கு நான்கு வயது. பெரியம்மா அன்று சொன்னதை எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். "சீலை வாங்கியாருவீங்கன்னு பாத்தா ஊட்டுக்கு மூக்கு வாங்கியாந்திருக்கீங்க."

தோட்டத்துக்குக் காப்பி பறிக்க வரும் அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் சேலத்துப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறி வந்த குடும்பம். வாய்த்துடுக்கு அதிகம். அவர் ஒருநாள் கேட்டாராம்: "ஏனுங்க, அடுத்தது ஏரித் தண்ணியக் குளுர வெக்க ஒரு பிரிட்ஜு வாங்கி வெப்பீங்களா?"

பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். "இது குளுருக்கு இல்லம்மா. காத்தத் தொவச்சுக் காயப் போடற மெசினு" என்பார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழைக் காலத்தில் மலையில் எல்லார் வீட்டிலும் செருப்பில் பூசணம் பூக்கும், பைபிள் அட்டை நமத்துப்போகும், போர்வை முகர்ந்தால் நாய்க்குட்டி வாசம் அடிக்கும். பெரியப்பா வீட்டில் மட்டும் போர்வைகள் மொறமொறவென்று இருக்கும். இயந்திரம் காற்றிலிருந்து பிடுங்கிய தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகப் பின்கட்டில் ஒரு வாளியில் சொட்டும். ஊரில் யாரிடமும் இல்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். மழையும் இல்லை, குழாயும் இல்லை, எங்கிருந்து வருகிறது?

தொல்லைகளும் உண்டு. இயந்திரத்தைப் போட்டால் அக்கம்பக்கத்து விளக்குகள் மங்கும். ஒரு வருடம் தகரக் குழாய்க்குள் மரநாய் குட்டி போட்டது. அதன் பிறகு ஒரு மாதம் ஹாலில் யாரும் சாப்பிடவில்லை. ஏப்ரல் விடுமுறைக்குச் சேலத்து வெயிலிலிருந்து நாங்கள் மேலே போனால், எங்களுக்காகவே பெரியப்பா அதை ஒரு மணி நேரம் ஓட்டுவார். நாங்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பல் நடுங்க, "நல்லா இருக்கு பெரியப்பா" என்போம்.

காற்று வீணாகக் கூடாது என்பதற்காக அவர் வீட்டையே அதற்கேற்றபடி செய்து வைத்திருந்தார். ஓட்டுக்குக் கீழே இடைவெளி இல்லாமல் பலகை அடித்திருந்தார். கதவு, சன்னல் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை. சாத்தினால் வாசலில் குரைக்கும் நாய் எங்கோ தூரத்தில் குரைப்பது போலக் கேட்கும். சமையலறை மட்டும் பின்னால் தனியாக, விறகு அடுப்பும் புகைக்கூண்டுமாக, மற்ற வீடுகளைப் போல இருந்தது.

அந்த டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்கு என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள். வராந்தாவில் காகித நட்சத்திரம் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. காப்பி பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள், இரண்டு நாள், விடவே இல்லை. தோல் உரிக்காத பழக்கொட்டை ஈரத்தோடு குவிந்து கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். அப்புறம் எந்த வியாபாரியும் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டான். அவர்களுக்கு அந்த வருடத்துச் சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் அந்தக் களத்தில்தான் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் பெரியப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. காப்பி முழுவதையும் ஹாலில் கொட்டிப் பரப்புவது. கரி போட்டு எரிக்கும் குமுட்டி அடுப்புகளால் அறையைச் சூடாக்குவது. சூட்டில் கொட்டையிலிருந்து வெளியே வரும் ஈரத்தை இயந்திரம் பிடுங்கி வாளிக்கு அனுப்பும். விறகு என்றால் புகை நாற்றம் கொட்டையில் ஏறும். கரியில் புகையே கிடையாது. ஆறு வருடமாகச் சிரித்த மலைக்கு இனிமேல் பதில் சொல்லலாம் என்ற சந்தோஷம் அவர் நடையில் தெரிந்தது.

அக்காவும் பெரியம்மாவும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். "சாமி கும்புட்ட எடமெல்லாம் காப்பியாப் போச்சு" என்றார் பெரியம்மா. "நீங்களும் ஒரு மூலையில படுத்துக்குங்க, காஞ்சு போயிருவீங்க" என்று அக்கா கிண்டல் செய்தார்.

அன்று முழுவதும் வாளி நிறைந்தது. நான்தான் அதைத் தூக்கிக் கொட்டும் ஆள். ஒவ்வொரு வாளிக்கும் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்து, "பாத்தியா கண்ணு, அத்தனையும் கொட்டையில இருந்த தண்ணி" என்பார். சாயங்காலம் பெரியம்மா தலை வலிக்கிறது என்றார். பழக்கொட்டை வாடை என்று சொல்லி நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார் பெரியப்பா.

மறுநாள் இரண்டு அடுப்பு ஐந்து அடுப்பானது. வாசல் கதவின் இடுக்கிலெல்லாம் செய்தித்தாளைக் கிழித்துப் பசை தடவி ஒட்டினார். மத்தியானம் அக்கா தன் பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்குப் போனார். கரி தீர்ந்துவிடும் போலிருந்ததால் பெரியப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏற்காடு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த கதவைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"யாரு வந்தாலும் இதைத் தொறக்கக் கூடாது. ஒருக்கா தொறந்தா ஒரு மணி நேரத்து வேலை போயிரும். பெரியம்மா உள்ள கொட்டையத் தள்ளிக்கிட்டிருப்பாங்க. நான் வந்து தொறந்துக்கறேன். நீ சொன்னாக் கேக்கற புள்ளதானே?"

ஆமாம் என்றேன். அது உண்மைதான். வகுப்பில், சண்டே ஸ்கூலில், வீட்டில், எங்கும் எனக்கு அந்தப் பெயர்தான்.

கதவுக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே கொட்டையைத் தள்ளும் மரப்பலகையின் சத்தம் கரகரவென்று கேட்டது. நடுநடுவே பெரியம்மா ஏதோ கீர்த்தனையைப் பாடினார். பிறகு பாட்டு நின்றது. அதற்கப்புறம் பலகையும்.

முதலில் நான் எதுவும் நினைக்கவில்லை. பிறகு வாளி நிறைந்திருக்குமே என்று வெளியே போனேன். கொட்டிவிட்டு, அப்படியே சுற்றிப்போய் ஹால் சன்னலில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி வியர்த்திருந்தது. பெரியம்மா கொட்டைக் குவியலில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தார். கன்னமெல்லாம் ரோஸ் பவுடர் போட்டது போலச் சிவந்திருந்தது. காலையிலிருந்து வேலை செய்து களைத்துத் தூங்குகிறார் என்று நினைத்தேன். நன்றாக இருக்கிறார் என்றும் நினைத்தேன். திரும்பி வந்து என் மணையில் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு நேரம் தெரியவில்லை.

பின்வாசல் வழியாக அக்கா வந்தார். தலையில் கோணிப்பையை மடித்துக் கவிழ்த்திருந்தார்.

"பெரியம்மா எங்க சாமி?"

"உள்ள தூங்கறாங்க."

"இந்த நேரத்துலயா? காப்பிக் கொட்ட மேலயா?" அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தள்ளு, பாக்கறேன்."

"தொறக்கக் கூடாதுக்கா. பெரியப்பா சொல்லியிருக்காங்க."

"உங்க பெரியப்பா வந்தா நான் பேசிக்கறேன். நவுரு கண்ணு."

நான் எழுந்து நின்று கதவில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டேன். "காப்பியெல்லாம் கெட்டுப் போயிரும்கா!" என்று கத்தினேன். அவர் கதவைத் தட்டி, "அம்மோவ்! அம்மோவ்!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. என்னை இடுப்பில் பிடித்து, ஒரு கூடையைத் தூக்குவது போலத் தூக்கி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளிருந்து கனமான சூடு முகத்தில் அடித்தது. மேலே சல்லடை விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. அக்கா பெரியம்மாவின் அக்குளில் கை கொடுத்துக் கொட்டைமேல் இழுத்துக்கொண்டே வந்தார். சமையலறையைத் தாண்டும்போது அவருக்கும் கால் தடுமாறியது. பின்கட்டில் மழையிலேயே பெரியம்மாவைக் கிடத்தினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் போனதும் ஹால் கதவைச் சாத்தினேன். சூடு வெளியே போய்விடக் கூடாதே.

மழை முகத்தில் விழ விழப் பெரியம்மா முனகினார். வாந்தி எடுத்தார். என்னைப் பார்த்தார், ஆனால் என் பெயர் அவருக்கு உடனே வரவில்லை. அந்த நேரத்தில்தான் பெரியப்பா ஜீப்பிலிருந்து இறங்கி, தோளில் கரி மூட்டையோடு வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க, பொழச்சுக்கிட்டாங்க. பாப்பாதானுங்க கதவத் தொறந்து என்னையக் கூப்புட்டுச்சு. இல்லீன்னா நொம்பக் கஷ்டமாப் போயிருக்குமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பி கெட்டுப்போன பழியை இந்த அக்கா என் தலையில் போடுகிறாரே!

"பொய்! நான் தொறக்கல பெரியப்பா. அக்காதான் தொறந்தாங்க. நான் விடவே இல்ல. கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். இப்பக்கூட நான்தான் சாத்தி வச்சிருக்கேன்!"

பெரியப்பா மூட்டையை மெல்ல இறக்கி வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். கரி படிந்த கையை என் தலையில் வைக்க வந்தவர், பாதியில் எடுத்துக்கொண்டார். பிறகு சுவரைச் சுற்றிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். உறுமிக்கொண்டிருந்த இயந்திரம் அடங்கியது. வெகுநேரம் அவர் அங்கிருந்து வரவில்லை. அக்கா கதவைத் திறந்துவிட்டதற்குத்தான் அவருக்கு அத்தனை கோபம் என்று நினைத்தேன்.

ஜீப்பில் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று டாக்டர் கேட்டாராம். எனக்குத்தான் தெரியும் என்று வந்து என்னைக் கேட்டார்கள். "கொஞ்ச நேரம்" என்றேன். பெரியம்மாவுக்குத் தலைவலி போக ஒரு மாதம் ஆயிற்று. காப்பியில் பாதிக்கு மேல் குப்பைக் குழிக்குப் போனது.

அடுத்த ஏப்ரலில் போனபோது வீட்டில் ஒவ்வொரு அறையிலும், கூரைக்குக் கீழே சுவரில், ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை இருந்தது. பெரியப்பாவே உளி வைத்து உடைத்தாராம். சன்னல்களிலிருந்த ரப்பர் பட்டைகளையும் காணோம். இயந்திரத்தை அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினார். காற்றில் பாதி ஓட்டை வழியாக மலைக்கே போனது. "ஏசியும் போட்டு ஓட்டையும் போட்டவரு" என்று ஊரார் மறுபடி சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பெரியப்பா எங்களோடு சிரிக்கவில்லை.

அந்த அக்கா அந்த விடுமுறையில் எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்தார். "ஏங்கண்ணு, எம்மேல கோவமா?" என்று கேட்டார். பொய் சொல்கிறவர்களிடம் வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பழத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

மலையில் எல்லா வீட்டிலும் கரி போட்டுக் குளிர் காய்ந்தார்கள். ஓட்டு இடுக்கில் காற்று வந்து போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. காற்றுப் புகாமல் கட்டிய வீடு பெரியப்பாவுடையது ஒன்றுதான். அந்த இயந்திரம் வெளிக்காற்றைக் கொண்டு வராது, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும் என்பது அவருக்குத் தெரியும். புகை இல்லாத கரியிலும் விஷம் உண்டு என்பது தெரியாது. இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு மகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. அன்று காப்பாற்ற வேண்டியவர்கள் பெரியம்மாவும் நானுமாக இரண்டு பேர் இருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். அதில் ஒருத்தி காப்பாற்ற விடவில்லை.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. போன வாரம் பள்ளியில் ஒரு மிஸ், தான் வரும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மறந்துபோய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது பாவாடையெல்லாம் நனைந்து, அழாமல், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். "உங்க பொண்ணு மாதிரி சொன்ன பேச்சு கேக்கற குழந்தையைப் பார்த்ததே இல்ல" என்று மிஸ் மன்னிப்போடு பாராட்டும் சேர்த்துச் சொன்னார். வீட்டில் எல்லாருக்கும் பெருமை. நான் மட்டும் பின்னால் போய் அவள் பாவாடையை அலசிக் காயப் போட்டேன்.

பெரியவர்கள் சொன்னதைக் கேள் என்று நானும்தான் தினமும் அவளிடம் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியுமா? சாலை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது. ஆனால் எப்போது கேட்கக் கூடாது என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்த வார்த்தையில் சொல்வது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். அவளிடம் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.