மாடிப்படியில் ஒரு யின்மு

லண்டன் வெம்பிளி மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரி யொரூபா பேசும் நைஜீரியப் பெண். ஒருநாள் கவுன்சிலுக்குப் போகவேண்டிய புகார்க் கடிதமொன்றில் காலை முழுவதும் சிக்கிக்கொண்டார். புகார் எழுதியவரை மாடிப்படியில் காணும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி "யின்மு" செய்கிறாளாம். அந்த யொரூபாச் சொல்லுக்கு ஆங்கிலம் அகப்படவில்லை.

"செய்து காட்டுங்கோ, பாப்பம்," என்றேன்.

மூக்கையும் வாயையும் ஒருபக்கமாகக் கோணி, என்னைத் தூசியாக மதித்து முகத்தைத் திருப்பினார். எனக்குச் சுருக்கென்றது. என் மாமி கலியாண வீடுகளில் முகவாயைத் தோளில் இடித்து நொடிப்பாரே, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரி!

கடைசியில் "முகத்தைச் சுளித்தாள்" என்று ஆங்கிலத்தில் எழுதி மேலாளரிடம் நீட்டினோம். வெள்ளைக்காரரான அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"முகம் சுளிச்சதுக்கெல்லாம் ஒரு புகாரோ?"

நாங்கள் பேசிவைத்துச் செய்யவில்லை. தோழி யின்மு செய்தார், நான் நொடித்தேன். மேலாளரின் காது சிவந்துவிட்டது.

"என்னைப் பார்த்தே இப்பிடியோ? இதை மேலிடத்துக்கு எழுதாமல் விடமாட்டன்!"

தோழி பேனாவை அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்கோ. நீங்கள் என்ன சொல் போடுறீங்களோ, நாங்களும் அதையே போடுறம்."