பூட்டுப் போட்ட முதலுதவிப் பெட்டி

தெருவே சாவிக்காரர் என்று கூப்பிடும் அவருக்குப் பெருமைகள் இரண்டு. அவர் கைக்குத் திறக்காத பூட்டு இதுவரை வந்ததில்லை. அவர் மனைவி மூன்றாவது முயற்சியில் கார் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். முதல் பெருமையை அவர் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. இரண்டாவதைச் சாவி வெட்ட வந்த எல்லோரும் கேட்டுவிட்டுத்தான் கடையைவிட்டு நகர முடிந்தது.

பழைய கார் ஒன்றும் வாசலுக்கு வந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு அவள் ஓட்டப்போகும் முதல் பயணம். ஆனால் அவளுடைய அண்ணன் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், எதிலும் ஒரு குறை கண்டுபிடித்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். காரில் முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும், அதைத் தானே திறந்து பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் குடும்பத்தோடு பஸ்ஸிலேயே போய்க்கொள்ளலாம் என்று கறாராகச் சொல்லி, ஒரு பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மாதம் கிளட்சோடு மல்லுக்கட்டியவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

சாவிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி பார்த்தார். பஞ்சு, துணிச்சுருள், பிளாஸ்திரி, கையுறை, கத்தரிக்கோல், முள்வாங்கி, காய்ச்சல் மாத்திரை என்று ஒன்று விடவில்லை. தகரப் பெட்டி ஒன்றைத் தேய்த்துக் கழுவி, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டினார்.

பிரச்சினை மச்சானுடைய பிள்ளைகள். போன தடவை வீட்டிலிருந்த பிளாஸ்திரி முழுவதையும் அந்த இரண்டு வாண்டுகளும் டிவிக்கும், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் வழுக்கைக்கும் ஒட்டித் தீர்த்திருந்தன. அதனால் சாவிக்காரர் தன் வித்தை மொத்தத்தையும் இறக்கி ஒரு பூட்டு வைத்தார். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும், கம்பி விட்டாலும் அசையாது.

"அவசரத்துக்குத் திறக்கற பெட்டிக்கு எதுக்குங்க பூட்டு?" என்றாள் அவள்.

சாவி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் என்று அடித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அதற்கும் ஒரு அறை தடுத்து, 'சாவி' என்று எழுதி ஒட்டி, அதில் பத்திரமாக வைத்து, அழகு பார்த்து, மூடினார். டக்.

ஞாயிறு காலை. வாண்டுகள் காரில் ஏறிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தன.

"திறங்க மாப்ள, பாப்போம்," என்றார் மச்சான்.

சாவிக்காரர் சட்டைப்பையில் கைவிட்டார். கார் சாவி வந்தது. கால்சட்டைப் பையிலிருந்தும் கார் சாவிதான் வந்தது. ஆசையில் ஏழு வெட்டியிருந்தார். பெட்டிக்கு மட்டும் மாற்றுச் சாவி கிடையாது, வாண்டுகள் கைக்குப் போய்விடுமே என்று. நாலாவது கார் சாவி கையில் வந்தபோது, அழகாக எழுதி ஒட்டிய அந்த அறை அவர் கண்முன் வந்து நின்றது.

காதிடுக்கில் எப்போதும் செருகியிருக்கும் கம்பியை எடுத்தார். குத்தினார், நெம்பினார், பூட்டோடு கெஞ்சினார். அவர் செய்த பூட்டு அவரையே மதிக்கவில்லை. கம்பி வழுக்கி விரலைக் கிழித்தது. ரத்தம் எட்டிப் பார்த்தது. பஞ்சோ உள்ளே இருந்தது. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கம் பார்த்தார்.

அவள் உள்ளே போய்த் திருப்புளியோடு வந்தாள். பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, கீலில் இருந்த நாலு திருகாணியைக் கழற்றினாள். மூடி பின்னாலிருந்து வாயைப் பிளந்து, பூட்டில் தொங்கியது.

"முன்பக்கத்தையே பாத்துட்டிருந்தீங்களே," என்றாள்.

விரலைக் குழாயடியில் கழுவி, துணி வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்ட அவளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மச்சான் அதற்குள் பட்டியலை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, முள்வாங்கியைக்கூட ஒருமுறை அழுத்திப் பார்த்தார். குறையே அகப்படாமல் தவித்தார்.

"எல்லாம் இருக்கு மாப்ள. பூட்டு மட்டும்தான் நான் கேக்காதது."

பிறகு தானாகவே பின்சீட்டில் ஏறி, மூடி தொங்கும் பெட்டியை மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் வாண்டுகள் பிளாஸ்திரி கேட்டு நச்சரித்தன. அவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கையை நீட்டினாள். சாவிக்காரர், பிளாஸ்திரி ஒட்டிய விரலோடு, ஏழு சாவியையும் கொடுத்தார்.