ஷ்வேதா அணைக்கவிடாத சர்வர்

ஷ்வேதாவின் கணினித் திரையில் படங்கள் இரா, வண்ணங்களும் இரா. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளும் எண்களும் ஓடிக்கொண்டிருக்கும். தில்லியின் தனியார் பள்ளிகள் பலவற்றுக்கு நர்சரிச் சேர்க்கைக்கான இணையத்தளத்தை நடத்தும் நொய்டா நிறுவனமொன்றில் அவள் பணிபுரிகிறாள். தளத்தைத் தாங்கும் சர்வர் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய பொறுப்பு.

சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்தவள். மந்திர் மார்க்கிலிருந்த பள்ளிக்குப் பேருந்தில் போகும்போது ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையைத்தான் பிடிப்பாள். மற்றக் குழந்தைகள் ஜன்னலுக்கு வெளியே பார்க்க, இவள் வேகமானியின் முள்ளைப் பார்ப்பாள். மத்திய அரசில் பணியாற்றிய தந்தை வெங்கடராமன், மகளும் ஒரு தேர்வெழுதி அமைச்சகத்தில் சேர்வாள் என்றிருந்தார். அவளோ முள்ளைப் பார்க்கும் வேலைக்கே போய்விட்டாள்.

அலுவலகச் சுவரில் பெரிய வண்ண வரைபடம் உண்டு. அவள் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. “அது ஒரு நிமிஷத்தோட சராசரியைக் காட்டறது. எனக்கு இந்த நொடி என்ன நடக்கறதுன்னு தெரியணும்” என்பாள்.

இந்த ஆண்டு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, முற்பகலில் அவளுடைய தொலைபேசி ஒலித்தது. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அக்கா காமாக்ஷி, குட்டிப்பையன் ஷ்ரவணின் அம்மா.

“ஏண்டி, ஷ்ரவணுக்கு ஃபார்ம் போட்டுண்டிருக்கேன். முக்கால்வாசி முடிச்சாச்சு. இப்போ சக்கரம் சுத்திண்டே இருக்கு. மூடிட்டு மறுபடி திறக்கட்டுமா?”

“மூடாதேக்கா! மூடினா எல்லாம் போயிடும். அப்படியே விட்டுவை.”

“நீதானே அங்கே உட்கார்ந்திருக்கே? ஜல்தி பண்ணு. இவன் வேற என் ஃபோன்தான் வேணும்னு அழறான்.”

அழைப்பு முடிவதற்குள் மேலாளர் கல்யாணராமன் எதிரே வந்து நின்றார்.

“ஷ்வேதா, எல்லாப் பள்ளிக்கூடத்திலேருந்தும் கூப்பிடறாங்க. சர்வரை ஒரு தடவை அணைச்சு மறுபடி போட்டுடும்மா.”

“வேண்டாம் சார். பாதி நிரப்பின ஃபார்மெல்லாம் சர்வரோட நினைவகத்திலதான் இருக்கு. அணைச்சா அத்தனையும் அழிஞ்சிடும். ஆஃபீஸ்ல அரைநாள் லீவு போட்டுட்டு உட்கார்ந்திருக்கறவங்க மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். சாயங்காலம் தளத்தை மூடறதுக்குள்ள எல்லாராலயும் முடியாது.”

“எல்லாருமே நிக்கறதுக்கு, சில பேர் மறுபடி ஆரம்பிக்கறது தேவலையே?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஷ்வேதா மறுக்கவில்லை. “கீழே போய் ஒரு டீ வாங்கிட்டு வாங்க சார். அதுக்குள்ள காரணத்தைச் சொல்றேன். சொல்லலைன்னா நானே அணைக்கறேன்” என்றாள்.

பக்கத்து மேசைப் ப்ரசன்னா சிரித்தான். “போங்க சார், ஜோசியர் ஜாதகத்தை விரிச்சாச்சு. இனி நல்ல நேரம் பார்த்துத்தான் சொல்லுவாங்க.”

“உனக்கு எந்தக் கட்டத்தில சனி உட்கார்ந்திருக்குன்னு அப்புறம் பார்த்துச் சொல்றேன்” என்றபடியே அவள் முதல் கட்டளையைத் தட்டினாள்.

நினைவகத்தில் இடம் தாராளமாக இருந்தது. வலையமைப்பில் வந்த தரவு எதுவும் தவறிப்போகவில்லை. அடுத்து ‘விஎம்ஸ்டாட்’ என்னும் கட்டளை. இயந்திரத்தின் மூச்சை நொடிக்கொரு வரியாகச் சொல்வது அது. கணக்கிடும் செயலிக்கு (ப்ராசஸர்) வேலையே இல்லை. எழுதுவதற்குச் சேமிப்பு வட்டில் (டிஸ்க்) இடைவெளி கிடைக்காமல் அது காத்து நின்றது. அப்படியானால், வட்டில் ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பது யார்? அதைக் கண்டறியும் கட்டளையையும் தட்டினாள். ஒரே பெயர் திரை முழுவதும் வரிசையாக இறங்கியது: காவல்.

சர்வருக்குள்ளேயே ஓடும்படி அவளே எழுதிய நிரல் அது. தளத்துக்குள் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை நொடிதோறும் வட்டில் குறித்து வைக்கும். மாலையில் மெட்ரோவில் வீடு திரும்பும்போது இணைப்பு அறுந்தாலும் கண்காணிப்பு நிற்கக்கூடாது என்று, தானாக நிற்காதபடி அதை அமைத்திருந்தாள். குழுவில் எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. காலையில் வந்ததும் ஆளுக்கொரு காவலை ஓடவிட்டார்கள். மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டுப் போனார்கள். மூடியதும் அது நின்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம். நிற்கவில்லை. நேற்றைய காவலும், அதற்கு முந்தையவையும் இன்றையவற்றோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தன. கடைசி நாளின் கூட்டம் உள்ளே வந்ததும் வட்டு திணறிவிட்டது.

கல்யாணராமன் தேநீருடன் திரும்பினார்.

“காரணம் கிடைச்சுது சார். என் நிரல்தான். நாம எல்லாரும் சர்வரைப் பார்த்துண்டே இருந்ததுதான் அதுக்குப் பாரம்.”

“அப்போ அணைக்கணுமா, வேண்டாமா?”

“வேண்டாம். காவலை மட்டும் நிறுத்தினாப் போதும்.”

ஒரே ஒரு வரியைத் தட்டினாள். காவல்கள் எல்லாம் நின்றன. காத்திருப்பைக் காட்டும் எண் மளமளவென்று இறங்கி அடங்கியது. மூவரும் திரையைப் பார்த்தபடியே இருந்தார்கள். தொலைபேசி ஒலித்தது.

“ஷ்வேதா, பச்சை டிக் வந்துடுத்துடி! போட்டதெல்லாம் அப்படியே இருக்கு.”

“அச்சா. இனிமே ஃபோனை அவன்கிட்டக் குடு.”

கல்யாணராமன் தம் கையிலிருந்த தேநீரை அவள் மேசைமீது வைத்துவிட்டுப் பள்ளிகளுக்குப் பதில் சொல்லப் போனார்.

உணவு இடைவேளைக்கு முன்பே ஷ்வேதா நிரலைத் திருத்திவிட்டாள். திருத்தத்தைச் சோதிக்கத் தானே ஒரு காவலை ஓடவிட்டு, ப்ரசன்னாவையும் ஓடவிடச் சொன்னாள். அவன் தட்டியதும், ‘ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்ற ஒற்றை வரி வந்து நின்றது.

“யாரு அந்த ஒருவர்?” என்றான் அவன்.

“நான்தான்” என்று சொல்லிவிட்டு, ஷ்வேதா தேநீரை எடுத்துக்கொண்டாள்.