மாமன் போட்ட கையெழுத்து

அந்தத் தனியார் மனநல மருத்துவமனையின் அறையில் அம்மா இருந்தார், அண்ணி இருந்தார், தாய்மாமன் இருந்தார், நான் இருந்தேன். யாரைச் சேர்க்கப் போயிருந்தோமோ அந்த அண்ணன் மட்டும் இல்லை. வெளியே வேனில், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள உட்கார்ந்திருந்தான்.

ஆறு நாள் அவன் தூங்கவில்லை. வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணிக்குள் யாரோ மைக் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லி, அடுக்கியிருந்த துணியையெல்லாம் கிழித்துத் தேடியிருக்கிறான். வைத்தியம் தேவைதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். எங்கள் வீட்டில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். பாதி வாசிப்பதற்குள் அம்மா பேனாவை வாங்கி மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

"காதுகுத்துல இருந்து எல்லாத்துக்கும் மாமன்தானே முன்னால நின்னாரு? நீ செத்த சும்மா இரு கண்ணு."

நோயாளியின் பிரதிநிதி என்ற இடத்தில் மாமா கையெழுத்துப் போட்டார். சீர்த்தட்டைத் தொட்டுக் கொடுப்பது போல அதையும் ஒரு மரியாதை என்றே நினைத்தோம். படித்தவன் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் பார்க்கப் போனபோது அண்ணன் தெளிவாகப் பேசினான். "தூங்கறேன், சாப்படறேன், மாத்திர போடறேன். இன்னும் எதுக்குடா என்னைப் பூட்டி வெச்சிருக்கீங்க?" வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கவுண்டரில் இருந்த பெண்தான் விடவில்லை.

"கையெழுத்துப் போட்டவங்க வந்தாத்தானுங்க அனுப்புவோம்."

"டாக்டரே போகலாம்னுட்டாருங்க. கூட்டிட்டுப் போக அவரு சம்சாரம் வந்திருக்காங்க."

"எங்க ரூல்ஸ் அப்படிங்க."

பேருந்தில் வரும்போது போனில் மனநலச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். தன் பிரதிநிதி யார் என்பதை நோயாளியே எழுதிக் கொடுக்கலாம். குணமானவரைப் பிடித்து வைக்கக் கூடாது. வைத்தால் மறுஆய்வு வாரியத்துக்கு மனு போடலாம். எவ்வளவு நல்ல சட்டம்! மறுநாள் அச்செடுத்துக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வாங்கி, படிக்காமல், ஸ்டேப்ளருக்குக் கீழே வைத்தாள்.

பனியன் ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் மாமாவுக்குப் போன் செய்தேன். "ஏனுங்க மாமா, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயிருங்க."

"மாப்ள, ஷிப்மென்ட் கெடக்குது. பையர் ஆளு தலைமேல உக்காந்திருக்கான். உங்கண்ணன் அங்க ஃபேனுக்கடியிலதானே படுத்திருக்கான்? நாலு நாள் சேத்திப் படுக்கட்டும்."

மாமா இல்லாமலே தான் போய் அண்ணனைக் கூட்டி வருவதாக அண்ணி கெஞ்சியதற்கு அம்மா, "மாமன் மனசு நோகும்" என்றார். வாரியத்துக்கு மனு எழுதி முடித்தேன். அதை அனுப்பவும் அம்மா விடவில்லை. அண்ணன் மனசு நோவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதினான்காம் நாள் மாமா வந்தார். "என்ன மாப்ள, நல்லா ரெஸ்ட்டா?" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டான். இனிமேல் தனக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர் தன் மனைவி என்று எழுதி, அண்ணியிடம் கொடுத்தான். பிறகு கவுண்டருக்குப் போய், சொந்தமாக ஒரு மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து பில்லைத் தானே கட்டினான். பதினான்கு நாளுக்கு எழுபதாயிரம் ரூபாய். அதில் மாமா வருவதற்காகக் காத்திருந்த ஐந்து நாளுக்கு மட்டும் இருபத்தைந்தாயிரம்.