அக்காவுக்கு இல்லம் வேண்டாம், வீடு போதும்

அக்காவுக்கு நினைவஞ்சலி எழுதும்போதாவது கோமாளித்தனம் செய்யாதே என்று என் மனைவி எச்சரித்திருக்கிறாள். முயல்கிறேன்.

அக்கா, பெக்கான் நானாஸ் பக்கத்து அன்னாசித் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா தவறியபின் என்னைக் குளிப்பாட்டி, அடித்து, பள்ளிக்கு அனுப்பியவர். அடித்ததெல்லாம் வீண் என்று கடைசிவரை வருந்தினார். திருமணமாகி பண்டார் தெங்காராவுக்குப் போய், செம்பனைத் தோட்டத்தில் உழைத்தார். பிள்ளைகள் இல்லை. மாமா மறைந்தபின்னும் அங்கேயே தனியாக இருந்தார்.

குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் பெர்மாஸ் ஜெயாவுக்கு, என்னிடம் வர இணங்கினார். வரவேற்பாக வாசலில் பலகை மாட்டினேன்: 'அக்கா இல்லம்'. கல்யாணப் பத்திரிகையில் நம் எல்லாருடைய வீடும் இல்லமாகிவிடுகிறதே, அந்தக் கௌரவம் அக்காவுக்கும் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

சக்கர நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"அலமாக்! என்னடா, என்னைய இல்லத்துல சேத்துட்டியா?"

"மரியாதையான வார்த்தைக்கா."

"மரியாத இருக்கிற எடத்துல காலு நீட்டி உக்கார முடியாதுடா. அதான் இல்லம். வீடுன்னா வேற."

பலகையை அன்றே கழற்றினேன். ஆனால் அக்கா தம் துணிப்பையைப் பிரிக்கவில்லை. பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கியபின்னும், தண்ணீர் குடிக்கக்கூட, "எடுத்துக்கலாமாம்மா?" என்று என் மனைவியிடம் கேட்பார். கால் தேறியதும் அந்தத் தனிமைக்கே திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன். சிங்கப்பூர் வேலைக்குப் போக எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் என் மனைவியின் சத்தம்.

"அண்ணி, என் சம்பல்ல யாரு புளிய ஊத்துனது?"

"நான்தான். நீ ஆக்குறது சம்பலா, சீனிப்பாகா? என் தம்பி எப்படித்தான் முழுங்குனானோ!"

"அவரு கல்லப் போட்டாலும் முழுங்குவாரு லா. நீங்க வளத்த வளப்பு அப்படி!"

சமாதானம் செய்ய ஓடிய என்னை இருவரும் சேர்ந்து விரட்டினார்கள். அன்று மாலை அக்காவின் சேலைகள் எங்கள் அலமாரியில் இருந்தன. இல்லத்தில் நன்றி சொல்வார்கள், வீட்டில் குறை சொல்வார்கள் என்பது என் மரமண்டையில் அப்போதுதான் ஏறியது.

கடைசி நோயில் அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைத் தாதியருக்கும், எங்களுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், தோள்கொடுத்த உங்கள் அனைவருக்கும் கைகூப்புகிறேன். என் மனைவிக்கும் ஒரு நன்றி உண்டு. நேரில் சொன்னால் சந்தேகப்படுவாள்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று, அக்கா என் கையைப் பிடித்தார்.

"வீட்டுக்குப் போலாம்டா."

"பண்டார் தெங்காராவுக்காக்கா?"

"அங்க யாருடா இருக்கா? ஒம் பொண்டாட்டி ஒத்தையா இருப்பா. வண்டிய எடு."

எடுத்தேன்.